சுறாக்கள் வந்து நிற்கும் இடம்

போடிநாயக்கனூர்
மார்ச் 9

அன்புள்ள மருமகள் வித்யாவுக்கு,

உன் அத்தை சாராள் எழுதிக்கொள்வது. கர்த்தர் உன் பக்கத்தில் இருக்கிறார் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. உன்னிடம் அதை எப்படி விசாரிப்பது என்று தெரியாமல் வெகுநேரம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிடுகிறாயா? இப்போதைக்கு அது தெரிந்தால் போதும்.

போனை நீ அணைத்து வைத்ததைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை. இங்கிருந்து யார் யாரோ கூப்பிட்டு என்னென்ன கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? நானும் வீட்டுப் போனைத் தொடுவதில்லை, சின்னவள் ஸ்வீட்டிதான் எடுத்துப் பதில் சொல்கிறாள். இந்தக் கடிதத்தையும் அவளே படம் பிடித்து, அந்தத் தீவில் நீ தங்கியிருக்கும் விடுதிக்காரருக்கு அனுப்புவாள். அவர் அச்செடுத்து உன் அறைக் கதவுக்கடியில் தள்ளிவிடுவதாகச் சொன்னாராம். நல்ல மனிதராக இருக்க வேண்டும். பேசினால் முழுக்கச் சொல்லி முடிக்க வேண்டியிருக்கிறது. எழுதும்போது நடுவில் நிறுத்திக்கொள்ளலாம்.

நம் பிள்ளை ஸ்டான்லியைத் தேடுவதை நிறுத்திவிட்டதாகப் போன வாரம் அங்கிருந்து மாமாவிடம் போனில் சொன்னார்கள். அவர் ‘சரிங்க சார், ரொம்ப நன்றிங்க சார்’ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பிறகு கடைக்குப் போய், ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஷட்டரை உள்பக்கமாக இறக்கிக்கொண்டார். சாயங்காலம்தான் வெளியே வந்தார். சட்டை, தலைமுடி எல்லாம் ஏலக்காய் வாசம். மூட்டைகளின் மேலேயே படுத்துக் கிடந்திருக்கிறார். ஸ்டான்லி இருந்திருந்தால் அவரை அப்படிக் கிடக்க விட்டிருப்பானா?

அவர்கள் நிறுத்திய பிறகும் நீ தினமும் படகில் போய்த் தண்ணீருக்குள் இறங்குவதாக விடுதிக்காரர் சொல்கிறார். அது உண்மையா, வித்யா? அவன் காணாமல் போன அதே இடத்திலா? சுறாக்கள் வந்து நிற்கும் இடம் என்றாயே, அங்கேயா?

இங்கே நடப்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீ கேட்பதைவிட நான் சொல்வது நல்லது. அன்று உங்களோடு இறங்கியவர்களில் யாரோ எடுத்த வீடியோ ஊர் முழுக்கச் சுற்றுகிறது. நீலத் தண்ணீருக்குள் ஸ்டான்லி ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறான். பின்னால் கூட்டமாகச் சுறாக்கள். அவன் காமிராவைப் பார்த்துக் கையை ஆட்டுகிறான். முகக்கண்ணாடிக்குள் அவன் கண் சிரிப்பது தெரிகிறது. அவ்வளவுதான், முடிந்துவிடுகிறது. அதன் கீழே ‘போடி வியாபாரி மகனைச் சுறா தின்ற காட்சி’ என்று எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒரு சுறாகூட அவன் பக்கம் திரும்பவில்லை. அனுப்புகிறவர்களும் அதைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். ஏலக்காய் வியாபாரிகளின் குழுவில் வந்ததை மாமா பார்த்துவிட்டார். நானும் பார்த்தேன். எத்தனை தடவை என்று கேட்காதே. அவன் உயிரோடு இருப்பதை நான் வேறு எங்கே போய்ப் பார்ப்பேன்?

மாமாவின் அக்கா சுந்தரம்மாள் வந்திருந்தார்கள். ‘லீவுக்குப் போக ஊரா இல்ல? கொடைக்கானல் இல்லையா, கன்னியாகுமரி இல்லையா? அவதான் இழுத்துட்டுப் போயிருப்பா’ என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். நான் சும்மா இருக்கவில்லை. கல்யாணமான வருஷம் அந்தமானில் இப்படிக் கடலுக்குள் இறங்குவதைக் கற்றுக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் தட்டைச் சுறாவாக ஓட்டிக் காட்டியவன் என் மகன்தான் என்றேன். ‘அதுக நம்மள ஒரு பொருட்டாவே மதிக்காதும்மா, பஸ்ஸ்டாண்டுல மாடு நடந்து போற மாதிரி போகும்’ என்று அவன் சொன்னதையும் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. நம்பக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தார்கள்.

குரங்கணி மலையில் தீப்பிடித்த வருஷம் நீ கல்லூரியில் இருந்திருப்பாய். மலையேற வந்த வெளியூர்ப் பிள்ளைகள் நெருப்பில் மாட்டிக்கொண்டபோது ஸ்டான்லி நம் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனான். மலைக்காரர்களோடு சேர்ந்து போர்வையில் வைத்துத் தூக்கி இறக்கியிருக்கிறான். வந்து பல நாள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான். அப்போதும் இந்த ஊர் இப்படித்தான் பேசியது. ‘அவங்களுக்கு இங்க என்ன சோலி? எதுக்கு வந்து இந்த மலையில சாகணும்?’ என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதற்கு, யாரோடும் சண்டைக்குப் போகாத நம் பிள்ளை அவருடைய சட்டையைப் பிடித்துவிட்டான். ‘சந்தோசமா இருக்கத்தான வந்தாங்க, அது ஒரு தப்பா?’ என்று கேட்டானாம். இன்றைக்கு அவனுக்காக அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை. மாமாவுக்குத் தெம்பில்லை. எனக்கு சுந்தரம்மாளிடம் பேசியதோடு தீர்ந்துவிட்டது.

ஆயர் இரண்டு முறை வந்துவிட்டார். உடல் இல்லாவிட்டாலும் நினைவு ஆராதனை நடத்தலாம், ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்கிறார். நீ இல்லாமல் அது நடக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

உன்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. சுறா அவனைத் தொட்டதா? கேட்டுவிட்டேன். கடிதத்தில் பதில் எழுதாதே. வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து சொல். வெரசாக வந்துவிடு, தாயி.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அத்தை சாராள்



போடிநாயக்கனூர்
ஏப்ரல் 24

வித்யாவுக்கு,

ஆராதனை முடிந்துவிட்டது. நீ வரவில்லை.

என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டியவள் நீ. பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் மேசை போட்டு, அவன் போட்டோவை வைத்தோம். உன் கல்யாணப் படத்திலிருந்து அவனை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கியது. அவன் தோளில் உன் விரல்கள் தெரிகின்றன, அதை எடுக்க முடியாது என்று ஸ்டூடியோக்காரர் சொல்லிவிட்டார். பாடல் பாடினார்கள். பிறகு எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். தூக்குவதற்கு ஒன்றும் இல்லாததால் ஆண்களுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டும் தொங்கப் போட்டுக்கொண்டும் வெயிலில் வந்தார்கள். தாத்தா கல்லறைக்குப் பக்கத்தில் சுண்ணாம்புப் பொடியால் நான்கு கோடு போட்டிருந்தது. அதைச் சுற்றி நின்று ஜெபம் செய்துவிட்டுத் திரும்பினோம். தோண்டவில்லை. எதற்குத் தோண்டுவது?

‘பொண்டாட்டி எங்கே?’ என்று கேட்காத ஆள் இல்லை. உடம்பு சரியில்லை என்று ஸ்வீட்டி எல்லோரிடமும் சொன்னாள். கடைசியில் அவளே அழுதுவிட்டாள்.

உன் அப்பா வந்திருந்தார். நீங்கள் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து நம் வாசலை மிதிக்காத மனிதர், கோவிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு மாமாவிடம் வந்து ‘எம்புள்ளய வரச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேட்கும்’ என்றார். மாமா, ‘நான் சொல்லி எம்புள்ளயே கேட்கல சுருளிவேல் அண்ணே’ என்றார். அவ்வளவுதான் பேசினார்கள். உன் அப்பாவின் வேட்டி மடிப்புக் கலையாமல் புதிதாக இருந்தது. இதற்கென்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

என் கடிதத்துக்கு நீ அனுப்பிய பதில் ஒரே வரி. ‘அவரைக் கூட்டிட்டு வர்றேன் அத்தை.’ அதை ஸ்வீட்டி திரும்பத் திரும்ப வாசித்தாள். எனக்கு வேறு மாதிரி இருந்தது. யாரைக் கூட்டிக்கொண்டு வருவாய்? இத்தனை வாரத்துக்குப் பிறகு, சுறா திரியும் கடலில் எதை எடுத்து எந்தப் பையில் போட்டுக்கொண்டு வருவாய்? அதை என் கையில் கொடுத்து, இதுதான் உங்கள் மகன் என்பாயா?

ஒன்று சொல்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. அவனைப் பெற்றெடுத்தபோது எனக்குப் பால் ஊறவில்லை. மாமா தேனிச் சந்தைக்கு ஆள் அனுப்பிப் பால்சுறா வாங்கி வரச் சொன்னார். என் அம்மா அதை வேகவைத்து, தோலை உரித்து, பூண்டு தட்டிப் போட்டுப் புட்டாக்கி எனக்கு ஊட்டினார்கள். அதைத் தின்றுதான் அவனுக்குப் பால் கொடுத்தேன். இப்போது அடுப்படிக்குள் போனாலே அந்த வாடை வருகிறது. நம் வீட்டில் மீன் வாங்குவதை நிறுத்தியாகிவிட்டது, ஆனாலும் வருகிறது.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இத்தனை நாள் இல்லாத மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். அவனை விட்டுவிட்டு மேலே வந்தவள் இப்போது எதற்காக இறங்குகிறாய்? அன்றைக்கு விட்டதை இன்றைக்குப் போய்ப் பிடிக்க முடியுமா? இல்லை, அவனோடு அங்கேயே தங்கிவிடலாம் என்று ஏதாவது நினைப்பு வைத்திருக்கிறாயா? அப்படியானால் அதையும் சொல்லிவிடு. இன்னொரு சுண்ணாம்புக் கோட்டுக்கு இடம் கேட்டு வைக்கிறோம்.

வாசித்துப் பார்த்த ஸ்வீட்டி இதை அனுப்ப மாட்டேன் என்கிறாள். ஒரு எழுத்தை அடிக்காமல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

சாராள்



போடிநாயக்கனூர்
ஜூன் 18

அன்புள்ள வித்யாவுக்கு,

மாமா உன்னிடமிருந்து போன வாரமே பத்திரமாக வந்து சேர்ந்தார். கொச்சியில் இறங்கியதிலிருந்து மழை. உன் அப்பாதான் இங்கிருந்து ஜீப்பை எடுத்துக்கொண்டு மூணாறு வழியாகப் போய்க் கூட்டி வந்தார். கொண்டுபோய் விட்டதும் அவர்தானே. போகும்போது பூப்பாறை தாண்டும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம். வரும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்களாம். உன்னைப் பற்றித்தான்.

என் போன கடிதத்தைப் படித்த பிறகு நீ அறையை விட்டு வெளியே வரவில்லை, சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருக்கிறது என்று விடுதிக்காரர் ஸ்வீட்டிக்குச் செய்தி அனுப்பினார். அப்போதுதான் மாமா எழுந்தார். எருசலேம் கூட்டிப் போகிறேன் என்று ஸ்டான்லி அவருக்கு எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட் பீரோவில் கிடந்தது. நான் எழுதியது தப்பு. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் என்னை நானே நல்லவளாக்கிக்கொள்வதாக ஆகிவிடும். நீ மறக்க வேண்டாம், ஆனால் சாப்பிடு.

அங்கே நீ அவரிடம் சொன்னதையும் அவர் பார்த்ததையும் உனக்கே திருப்பி எழுதப் போகிறேன். எங்களுக்கு அது எப்படி வந்து சேர்ந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்து.

முதலில் படகுத்துறையைப் பற்றிச் சொன்னார். மீன் கழுவும் இடத்தில், முழங்கால் ஆழத் தண்ணீரில், கை நீளத்துக்குக் குட்டிச் சுறாக்கள் சுற்றிக்கொண்டிருந்தனவாம். நீ காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாயாம். அவர் பயந்துபோய்க் கரையிலேயே நின்றுவிட்டார். நீ திரும்பிப் பார்த்து, ‘ஒன்னும் செய்யாது மாமா, வாங்க’ என்று சொல்லிவிட்டு அழுதாயாம். அவரும் உன் பக்கத்தில் உட்கார்ந்தார், ஆனால் காலை மடக்கி வைத்துக்கொண்டார். சிரிக்க வேண்டிய விஷயம். இங்கே யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் உன்னோடு படகில் வந்ததைச் சொன்னார். நீயும், அன்று உங்களைக் கூட்டிப்போன அந்த வழிகாட்டியும் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தபோது அவர் எட்டிப் படகின் விளிம்பைப் பிடித்தார். அப்புறம் தண்ணீரின் மேல் குமிழி மட்டும். அது போகிற பக்கமெல்லாம் படகு போனதாம். அவர் பைபிள் சங்கீதம் சொல்லத் தொடங்கினார். சின்ன வயசிலிருந்து தினமும் சொல்கிற சங்கீதம், பாதியில் மறந்துபோய்விட்டதாம். முதல் அடியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், நீ மேலே வரும்வரை.

அன்று சாயங்காலம் நீ அவரிடம் நடந்ததை முழுக்கச் சொன்னாய். எனக்கு அதை அவர் சொல்லும்போது ஸ்வீட்டியும் இருந்தாள், உன் அப்பாவும் இருந்தார்.

இரண்டு திட்டுகளுக்கு நடுவே கடல் வாசல் மாதிரி திறந்து கிடக்குமாம், தண்ணீர் அதன் வழியாக ஆறு போல ஓடுமாம். அந்த ஓட்டத்தில்தான் சுறாக்கள் வந்து நிற்கும். அதைப் பார்க்க நீங்கள் அடியில் போய், பாறை இடுக்கில் கொக்கியை மாட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு காற்றாடி மாதிரி தண்ணீரில் நின்றீர்கள். ஸ்டான்லிக்கு அத்தனை சந்தோஷம். உன் கையைப் பிடித்து அழுத்தி, ஒவ்வொன்றாகக் காட்டினான். அப்போது ஓட்டம் திடீரென்று திரும்பி வெளிக்கடல் பக்கமாக இழுத்தது. உன் கொக்கி மாட்டியிருந்த கல் பெயர்ந்துவிட்டது. நீ அடித்துக்கொண்டு போவதைப் பார்த்து அவன் தன் கொக்கியைத் தானே கழற்றிவிட்டு வந்து உன்னைப் பிடித்தான். அந்த வழிகாட்டி உன் இன்னொரு கையைப் பிடித்தார். ஒரு பக்கம் அவர் இழுக்க, மறுபக்கம் தண்ணீர் அவனைப் பாறை விளிம்பைத் தாண்டிக் கீழே இழுக்க, நடுவில் நீ. அப்புறம் உன் கையில் அவன் கை இல்லை.

‘நான்தான் விட்டேன் மாமா. பிடிச்சிருந்தா வந்திருப்பாரு’ என்று நீ சொன்னாய். ‘பிடிச்சிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பீக’ என்று மாமா சொன்னார். நீ அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்றார்.

உண்மையைச் சொல்கிறேன் வித்யா. இதைக் கேட்டதும் நான் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன். விட்டிருக்கக் கூடாது என்று என் மனசு ஒரு பக்கம் சொன்னது. பெற்றவளின் மனசு அப்படித்தான் சொல்லும், அதற்கு வெட்கம் கிடையாது. மழையில் நனைந்துகொண்டு கல்தொட்டி பக்கத்தில் நின்றேன். உன் அப்பா குடையைக் கொண்டுவந்து என் தலைக்கு மேல் பிடித்தார். அவருடைய மகள் உயிரோடு இருக்கிறாள், என் மகன் இல்லை. அந்த மனிதர் அதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி குடையைப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தார். அதைப் பார்த்த பிறகுதான், என் மகன் கொக்கியைக் கழற்றிக்கொண்டு எதற்காக வந்தான் என்பது என் புத்தியில் ஏறியது. உன்னைக் கொண்டுபோய் மேலே சேர்க்கத்தான் வந்தான். அதை அவன் செய்துவிட்டான். கையை யார் விட்டது என்று இனி இந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். நீயும் பேசாதே.

சுறா தொடவில்லை என்றாய். நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஆழத்தில் என்ன ஆகியிருக்கும் என்று மாமா உன்னிடம் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நமக்குள் அது அப்படியே இருக்கட்டும்.

காற்று மாறிவிட்டது, அந்த வாசலில் தண்ணீர் இப்போது எதிர்ப்பக்கமாக ஓடுகிறது, இனித் தேடுவதில் அர்த்தமில்லை என்று வழிகாட்டி சொன்னதாக மாமா சொன்னார். அது உனக்கும் தெரியுமாம். பிறகும் ஏன் இறங்குகிறாய் என்று கேட்டதற்கு நீ சொன்ன பதிலில்தான் அவர் உன்னோடு ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்தார். ‘அவரைத் தேடி இப்ப இறங்கல மாமா. கீழ போறவங்கள மேல கூட்டிட்டு வர்ற சோலியக் கத்துக்கிறேன்.’ பைத்தியம் பிடித்துவிட்டது உனக்கு என்றுதான் நினைத்திருக்கிறார். கையோடு இழுத்து வந்துவிட வேண்டும் என்று உன் பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டாராம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பார்த்ததைச் சொல்லும்போதுதான் அவர் குரல் மாறியது. ஆழமில்லாத இடத்தில் யாரோ ஒரு புதுக் கல்யாண ஜோடிக்கு நீயும் வழிகாட்டியும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பெண் பயந்துபோய், வாயில் இருந்த காற்றுக்குழாயைத் துப்பிவிட்டு, தண்ணீரைக் குடித்துத் திணறிக்கொண்டு மேலே வந்தாள். நீ அவளுடைய உருளைக் கச்சையைப் பிடித்தபடி கூடவே வந்தாயாம். அவள் உன்னை அடித்தாளாம், நகத்தால் பிறாண்டினாளாம். நீ விடவே இல்லை. படகில் ஏற்றி, அவள் முகத்தைத் துடைத்து, அவள் மூச்சு நிதானமாகும்வரை அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டிருந்தாய். அவள் பயந்தது அப்புறம்தான் வெளியே வந்ததாம், உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். அவள் புருஷன் என்ன செய்வது என்று தெரியாமல் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கும் ஸ்டான்லி வயசுதான் இருக்கும் என்றார்.

அதற்குப் பிறகு எடுத்து வைத்த உன் பெட்டியை அவரே பிரித்து, துணிகளைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். ‘கூப்பிட்டேன், வரல’ என்று சுந்தரம்மாளிடம் மட்டும் சொன்னார். அவர்கள் என்னென்னவோ சொன்னார்கள். ‘அக்கா, நீ வீட்டுக்குப் போ’ என்று மாமா சொன்னதை இந்த வீட்டில் நான் வாழ வந்ததிலிருந்து இப்போதுதான் கேட்கிறேன்.

இங்கே மலை முழுக்கச் சாரல். கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. மாமா கடையைத் திறந்து நடத்துகிறார், பாதி நேரம் கணக்குப் பிழையாகிறது, ஸ்வீட்டி போய்ச் சரி செய்கிறாள். உன் அப்பா சாயங்காலமானால் தோப்பிலிருந்து கடைக்கு வந்து மாமாவோடு உட்கார்ந்திருக்கிறார். டீ வரும், குடிப்பார்கள். உன் அம்மா முருங்கைக்காய் கொடுத்து விடுகிறார்கள். கல்லறைத் தோட்டத்துச் சுண்ணாம்புக் கோடு மழையில் கரைந்துவிட்டது. மறுபடி போடலாமா என்று ஆயர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

நீ அங்கேயே இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்துவிடு என்று சொல்லவும் இனி எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. பொழுது விடிந்தால் இப்போது இறங்கியிருப்பாயோ என்று நினைக்கிறேன். சோறு வடிக்கும்போது, துணி காயப்போடும்போது, அதுவே வந்து நிற்கிறது. உனக்கு ஏதாவது ஆனால் எனக்குத் தாங்காது. இருந்த ஒருத்தனையும் கொடுத்துத்தான் உன்னைத் திரும்ப வாங்கியிருக்கிறோம்.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதை மறுக்காதே. மலைக்குப் போகும்போது நம் வீட்டு ஆண்கள் வளைவெல்லாம் கடந்து போடிமெட்டு போய்ச் சேர்ந்ததும் போன் போட்டு ‘ஏறிட்டேன்’ என்பார்கள். அந்த ஒரு வார்த்தை வந்தால்தான் வீட்டுப் பெண்கள் அடுத்த வேலையைப் பார்ப்போம். நீயும் போனைத் திறந்து வை. எத்தனை தடவை வேண்டுமானாலும் இறங்கு, யாரை வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு இறங்கு. ஒவ்வொரு தடவையும் படகில் கால் வைத்ததும், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, ‘ஏறிட்டேன் அத்தை’ என்று எனக்கு ஒரு வார்த்தை அனுப்பு. போனை மடியிலேயே வைத்திருப்பேன்.

கர்த்தர் உன் மூச்சைக் காப்பாராக. தண்ணீருக்குள் உன் கையைப் பிடிக்கிறவர்கள் எல்லோரும் வீடு போய்ச் சேர்வார்களாக.

என்றும் உன்
அத்தை சாராள்